கையெழுத்து சுருங்கும் முன்னே

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற திருச்சி அம்மா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 57. தனியார் பள்ளி ஆசிரியை. வருகிற மே மாதத்தோடு வேலை முடிகிறது. 2 ஆண்டுகளுக்கு முன் வலது கை நடுங்குகிறதே என்று டாக்டரிடம் போனேன், பார்கின்சன் என்றார். இப்போது மாத்திரையில் வண்டி ஓடுகிறது. கணவருக்கு 62, மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை. 2016-ல் எடுத்த 5 லட்சம் ரூபாய் குடும்ப மெடிக்ளெய்ம் இருக்கிறது. சேமிப்பு 12 லட்சம். நாளைக்குப் படுத்துவிட்டால் மகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற பயத்தில் தூக்கமே இல்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "பழையதை விட்டுடுங்க டீச்சர், வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தாலும் பணம் தரும் புதுப் பாலிசி போட்டுத் தர்றேன், பார்கின்சனை மட்டும் எழுத வேண்டாம்" என்கிறார். செய்யலாமா? அப்படி நீண்டகாலப் பராமரிப்புக்கென்று காப்பீடு உண்டா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: செய்யாதீர்கள் சகோதரி. பழைய பாலிசியை விடவும் வேண்டாம், நோயை மறைக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதம் 4 பக்கம். முதல் பக்கத்தில் பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவது போல் நல்ல கொட்டை எழுத்து. நாலாவது பக்கம் வரும்போது எழுத்து கடுகாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எனக்கு அது புதிதில்லை. என் வீட்டுக்காரருக்கும் 2008-ல் இப்படித்தான் ஆரம்பித்தது. நடுக்கம் வெளியே தெரியும் முன்பே எழுத்து சுருங்கிவிட்டது. 11 ஆண்டுகள் அவரோடு இந்த நோயையும் பார்த்தேன். அதனால்தான் உங்களுக்கு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நேரடியாகக் கேட்டதற்குப் பதில். படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கணக்கில் மாதாமாதம் பணம் தரும் காப்பீடு ஜெர்மனியில் 1995 முதலும், ஜப்பானில் 2000 முதலும் சட்டப்படியே இருக்கிறது. நம் ஊரில் ஏஜென்ட் பையிலிருந்து எடுத்துக் காட்டும் அளவுக்கு அப்படி ஒரு பாலிசி புழக்கத்தில் இல்லை. அவர் சொல்வது அநேகமாக 'ஹோம் கேர்' என்ற ஒரு பிரிவை. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோயாளிக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்து, வீட்டிலேயே சில நாட்கள் வைத்தியம் பார்த்தால் அந்த வைத்தியச் செலவைத் தருவார்கள். குளிப்பாட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் வரும் ஆயாவின் சம்பளம் அதில் வராது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வரியை அடித்தவளே நான்தான். ஆஸ்பத்திரி பில் மேசைக்கு வந்தால் சிவப்பு மையை எடுத்து, 'அட்டென்டன்ட் சார்ஜ்', 'பிரைவேட் நர்ஸ்', 'டயாபர்', 'வாக்கர்' என்று ஒவ்வொன்றாகக் கோடு போடுவேன். இன்றைக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் பட்டியலில் இவை, பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய, தர வேண்டியதில்லை என்றுதான் இருக்கின்றன. விதிப்படிதான் செய்தேன். ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் ராத்திரி எத்தனை இருக்கிறது என்று என் வீட்டில் கட்டில் போட்ட பிறகுதான் தெரிந்தது.

காக்கி அட்டை போட்ட நோட்டு ஒன்றில் செலவெல்லாம் எழுதி வைத்தேன். இப்போதும் பீரோவில் இருக்கிறது. 11 ஆண்டில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தது 3 தடவை, மொத்தம் 17 நாள். அதற்கு ஆன செலவில் 1,84,000 ரூபாயை மெடிக்ளெய்ம் கொடுத்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் வீட்டில்தானே? 2012-ல் பகல் ஆயாவுக்கு 6,500. 2016-ல் பகலுக்கு 9,000, இரவுக்கு 10,000. அந்த வருஷத்திலிருந்து டயாபர் மாதம் 2,400. பிசியோதெரபி தம்பி வந்து போனால் ஒரு தடவைக்கு 250. மாத்திரைகளை விட்டுவிட்டுக் கூட்டினாலே 14 லட்சத்தைத் தொட்டது. அதில் ஒரு ரூபாய்கூட எந்தக் காப்பீட்டிலிருந்தும் வரவில்லை.

ஆகவே ஆஸ்பத்திரிப் பணம் வேறு, பராமரிப்புப் பணம் வேறு என்று இரண்டு பாத்திரமாக வையுங்கள்.

ஆஸ்பத்திரிப் பாத்திரம் உங்களிடம் ஏற்கெனவே நல்லதாக இருக்கிறது. 2016-ல் பாலிசி எடுக்கும்போது உங்களுக்குப் பார்கின்சன் கிடையாது. அதனால் அது 'முன்பே இருந்த நோய்' ஆகாது. தொடர்ந்து 60 மாதம் தாண்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, அன்றைக்கு இதைச் சொல்லவில்லை அதைச் சொல்லவில்லை என்று கிளெய்மைத் தட்டக் கூடாது. நோய் வந்துவிட்டது, கிளெய்ம் அதிகமாகிவிட்டது என்று காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்கவும் கூடாது. இவ்வளவு பலமுள்ள பாலிசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நோயை மறைத்துப் புதியது எடுத்தால் என்ன ஆகும்? முதல் கிளெய்மிலேயே டிஸ்சார்ஜ் சம்மரியில் '2 ஆண்டுகளாகப் பார்கின்சன்' என்று டாக்டர் எழுதியிருப்பார். அந்த ஒரு வரி போதும், பணமும் வராது, பாலிசியும் ரத்தாகும். ஏஜென்ட்டுக்குப் புதுப் பாலிசியில் கமிஷன் கூடுதல். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டிலில் படுக்கப் போவது நீங்கள்.

புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அதையும் தவறவிட்டால் 2016 முதல் சேர்த்த உரிமை போய்விடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. அந்த மிச்சத்தில் தொகையை உயர்த்த முடியுமா என்று கேளுங்கள். உயர்த்தும் பகுதிக்கு மட்டும் உங்கள் நோயைக் கணக்கில் எடுப்பார்கள், மறுக்கவும் செய்யலாம், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். மூளைக்குள் மின்முனை வைக்கும் 'டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்' அறுவை பின்னாளில் தேவைப்படலாம். அதற்கு உங்கள் பாலிசியில் எவ்வளவு உச்சவரம்பு என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்து, உங்கள் கணவர். நோயாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம், பார்த்துக்கொள்ளும் ஆளை மறந்துவிடுவோம். அவருக்கு 62, கடையில் நாள் முழுக்க நிற்கிறார். நாளைக்கு உங்களைத் தூக்கப் போகிற கை அது. அவருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் விழுவீர்கள். அவர் ஆரோக்கியமாக இருந்தால், இப்போதே அவர் பெயரில், கடும் நோய் வந்தால் மொத்தத் தொகை தரும் 'கிரிட்டிகல் இல்னெஸ்' பாலிசியும், ஆண்டின் ஆஸ்பத்திரிச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைத் தரும் 'சூப்பர் டாப்-அப்'பும் விசாரியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

இனி பராமரிப்புப் பாத்திரம். உங்கள் 12 லட்சத்தில் 10 லட்சத்தைக் கணவர் பெயரில் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 60 வயது ஆனவர் கணக்குத் தொடங்கலாம், மனைவியை அதில் கூட்டாகச் சேர்க்கலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். 10 லட்சத்துக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். உங்களுக்கு இன்னும் ஆள் தேவையில்லாத இந்த ஆண்டுகளில் அந்த வட்டியைச் செலவழிக்காமல் தனி ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். கடைக்குச் சரக்கு எடுக்க என்று அதில் கை வைக்கக் கூடாது. உங்கள் கணவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மிச்ச 2 லட்சம் அவசரத்துக்கு வங்கியில் கிடக்கட்டும்.

அரசிடமிருந்து வருவதை விட்டுவிடாதீர்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்கின்சனும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு மருத்துவக் குழுவிடம் சான்று வாங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். பார்கின்சனால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். என் நோட்டில் 250, 250 என்று பக்கம் பக்கமாக இருக்கிறதே, அது உங்கள் நோட்டில் குறையும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அவசரமானது. 2014-ல் என் வீட்டுக்காரர் போட்ட காசோலை மூன்று தடவை திரும்பி வந்தது. வங்கியிலிருந்த மாதிரிக் கையெழுத்தில் அவர் பெயர் ஒரு தீப்பெட்டி நீளம் இருக்கும். புதிய கையெழுத்து ஒரு அரிசி மணி. கவுன்டரில் இருந்த பிள்ளை, "இது சாரோட கையெழுத்துதானாம்மா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையில் பேனாவைச் செருகப் பார்த்தார். நாலு முறை முயன்றும் பை வாய்க்குள் பேனா போகவில்லை. நான்தான் வாங்கிச் செருகினேன்.

கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கைரேகையையோ கால் விரல் ரேகையையோ, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன் பெற்றுப் பணம் தரலாம், அந்தச் சாட்சிகளில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, இந்த மாதமே எல்லா வங்கிக் கணக்குகளையும் 'இருவரில் யாராவது ஒருவர்' இயக்கும்படி மாற்றிவிடுங்கள். நாமினி பெயர்களைச் சரிபாருங்கள். உயில் எழுதுவதென்றால் இப்போதே எழுதிப் பதிவு செய்யுங்கள். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போய்விட்டால் நம் சட்டப்படி அந்தப் பவரும் போய்விடும். பிறகு கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். 2024-ல் கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவி, கணவரின் சொத்தை வைத்து வைத்தியம் பார்க்கச் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த்தான் அவருக்குக் காப்பாளர் ஆக முடிந்தது.

மகளுக்குப் பாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, பாலிசி, பாஸ்புக், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்துக் கணக்கைக் காட்டுங்கள். என் மகனிடம் நாங்கள் 6 வருஷம் எதையும் சொல்லவில்லை. "ஏம்மா சொல்லலை" என்று அவன் கேட்டது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

கேள்வி: 1976-ல் பிறந்தவன். தஞ்சாவூர்ப் பக்கம், இப்போது சிங்கப்பூர்க் குடிமகன். மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் 5 வருடமாக இருக்கிறது. வேலைக்குப் போய் வருகிறேன். நோய் இருப்பதால், இங்கே அரசு நடத்தும் 'கேர்ஷீல்ட் லைஃப்' என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு எனக்குக் கிடைக்காது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: தம்பி, கும்பகோணத்துச் சகோதரிக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. அதை நண்பர் பேச்சைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். கேர்ஷீல்ட் லைஃப் 2020 அக்டோபர் 1-ல் வந்தது. 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கட்டாயம். 1979 வரை பிறந்தவர்களுக்கு விருப்பம். உங்கள் வயதுக்காரர்களிடம் பார்க்கும் நிபந்தனை நோய் இருக்கிறதா என்பதல்ல, ஏற்கெனவே கடுமையாக முடங்கியிருக்கிறீர்களா என்பதுதான். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியில்லாமல் செய்ய முடியாமல் போனால்தான் கடுமையான முடக்கம். வேலைக்குப் போய் வரும் நீங்கள் அந்த நிலையில் இல்லை.

இன்னொரு விஷயம். 1970-லிருந்து 1979-க்குள் பிறந்து, பழைய 'எல்டர்ஷீல்ட் 400' வைத்திருந்தவர்களை, முடங்காதவர்களாக இருந்தால், தாமாகவே புதியதில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கலாம். அரசின் இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாகப் பாருங்கள். பிரீமியத்தை உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தே கட்டலாம். பழையது மாதம் 400 வெள்ளி, 6 ஆண்டுகளோடு நின்றுவிடும். புதியது 2020-ல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கியது. பிறகு முதன்முறை கோருபவர்களுக்கு ஆண்டுதோறும் ஏறி வருகிறது. முடக்கம் இருக்கும்வரை ஆயுள் முழுக்கத் தருவார்கள். முடக்குவாதம் 20 வருஷம், 30 வருஷம் கூடவே வருகிற நோய். 6 ஆண்டுக்கும் ஆயுளுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத்தான் ரொம்பப் பெரிது. இதற்கு மேல் தனியார் நிறுவனங்கள் விற்கும் கூடுதல் திட்டங்களில் உங்கள் நோயைக் கேட்பார்கள், மறுக்கலாம். அது வேறு கணக்கு.

கேள்வி: எனக்கு 42, சர்க்கரை இருக்கிறது. சொன்னால் பாலிசி தர மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. — வாசகர், மதுரை

பதில்: சொல்லியே எடுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். சர்க்கரை சம்பந்தப்பட்டவற்றுக்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 2024-லிருந்து அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான், முன்பு 4 இருந்தது. இன்றைக்கு எடுத்தால் 45 வயதில் முழுக் காப்பு. பத்து வருஷம் கழித்துக் கிட்னியோ கண்ணோ தொந்தரவு கொடுக்கும்போது பாலிசி முதிர்ந்து நிற்கும். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள்.

பாலிசிக்கு விண்ணப்பிக்கும் புரொபோசல் பாரத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள். காலியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஏஜென்ட் 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்த பாரங்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கிளெய்ம் வரும்போது ஏஜென்ட் இருக்க மாட்டார், அந்த டிக் இருக்கும். பாலிசி கைக்கு வந்ததும் அதோடு வரும் பார நகலைப் படியுங்கள். தவறாக இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிளெய்மில் அநியாயம் நடந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். பதில் திருப்தியில்லை, அல்லது ஒரு மாதமாகியும் பதிலே இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கேள்வி: நான் வீடுகளில் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. வயது 46. தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. உங்கள் பதில்களைப் பேப்பரில் படித்துக் காட்டினார்கள். எங்களுக்கு ஏதாவது காப்பீடு இருக்கிறதா அம்மா? — திருநெல்வேலியிலிருந்து, வேறொருவர் எழுதிக் கொடுத்தது

பதில்: இத்தனை வருஷத்தில் உங்களைப் போல் ஒருவரிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இது. என் வீட்டில் 7 வருஷம் இருந்த ஆயாவுக்கு நான் இதையெல்லாம் செய்து கொடுக்காமல் விட்டேன் என்பது வருத்தம்.

முதலில், வங்கிக் கணக்கு இருந்தால் அங்கே போய்ப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனாலோ முழுதாக முடங்கினாலோ 2 லட்சம். ஆயுள் காப்பீடு 436 ரூபாய், எந்த விதத்தில் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அடுத்து, தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம். 60 வயதுக்குள் பதிந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு, 60-க்குப் பின் ஓய்வூதியம் உண்டு. திருநெல்வேலியில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ கையில் இருக்கட்டும்.

இடுப்புக்கு அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். நோயாளியைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். எங்கள் வீட்டு ஆயா ஒரு பழைய காடாத் துண்டை நாலாக மடித்து, என் வீட்டுக்காரர் இடுப்பைச் சுற்றிக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடித்து, "ஒண்ணு, ரெண்டு, எந்திரிங்க ஐயா" என்பார். அவரும் தன்னால் ஆனமட்டும் ஊன்றி எழுந்திருப்பார். நீங்கள் வேலை பார்க்கும் வீட்டில் அப்படி ஒரு துண்டு கேட்டு வாங்கி, கட்டில் தலைமாட்டிலேயே போட்டு வையுங்கள்.